ஒன்றாம் நம்பர் ஹெட்செட்

என் கையெழுத்தைப் பார்த்துக் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு பேனாவை வைத்துவிட்டுக் கத்தரியை எடுத்த கை இது. துணியை அழுத்துகிற மாதிரியே தாளையும் அழுத்துகிறது. பின்பக்கம் தடவினால் எழுத்தெல்லாம் விரலில் தட்டுப்படும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. அச்சுக்குப் போனால் தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளட்டும். திருத்துகிறவர்கள் ஆட்களுக்குப் பெயர் மட்டும் போட்டுவிட வேண்டாம். பெயர் சொல்லி எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நம் வயதுக்காரர்களுக்காக எழுதுகிறேன். பள்ளிக்கூடப் பையை மூலையில் போட்டுவிட்டுப் பனியன் கம்பெனியில் கைமடிக்க நின்றவர்கள் நீங்கள். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று, தைத்து வருகிற துணியை வாங்கி மடித்துக் கொடுத்தே உயரமானவர்கள். நம்மைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் நாம் வேலை செய்ததைத்தான் எழுதுகிறார்கள். நாம் விளையாடவும் செய்தோம். அதை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

அது ஒரு மழைக்காலம். ஆர்டர் இல்லாத சீசன். முதலிபாளையத்துத் தொழிற்பேட்டையில் பாதிக் கம்பெனிகளுக்கு மத்தியானத்தோடு கரண்டை நிறுத்திவிடுவார்கள். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிற இடம் திடீரென்று நின்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஓடையில் சாயத் தண்ணீர் போகிற சத்தம்கூடக் கேட்கும். பெரியவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொண்டிருப்பார்கள். பையன்கள் எங்களுக்குக் கொண்டாட்டம். வாழ்க்கையில் முதல் தடவையாக எங்களுக்கு மத்தியானம் என்று ஒன்று கிடைத்தது.

அந்த மத்தியானங்களை நாங்கள் கொண்டுபோய்க் கொட்டியது, பேக்கரிக்கு மேலே இருந்த பிரவுசிங் சென்டரில்.

குறுகலான படி. ஏறும்போதே கீழிருந்து தேங்காய் பன் வேகிற வாசம் கூடவே வரும். மேலே கதவைத் திறந்தால் வேறு வாசம், சூடான பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்தது. இரண்டு வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றும் மாட்டுத்தலை அளவு பெரியது. திரையில் கை வைத்தால் முடி சிலிர்க்கும். சென்டர் அண்ணனுக்கு மத்தியானத்தில் வாடிக்கை கிடையாது. மெயில் அனுப்புகிற கம்பெனி ஆட்கள் காலையிலும் பொழுது சாய்கிற நேரத்திலும்தான் வருவார்கள். அதனால் எங்களோடு ஓர் ஏற்பாடு செய்திருந்தார். கம்பெனியில் இருந்து வேஸ்ட் துணி கொண்டுவந்து எல்லாத் திரையையும் துடைத்து, படியையும் பெருக்கிவிட்டால் பொழுது சாயும்வரை விளையாடிக்கொள்ளலாம்.

அந்த விளையாட்டை உங்களில் பாதிப் பேர் ஆடியிருப்பீர்கள். ஒரு பக்கம் குண்டு வைக்க வருகிற தீவிரவாதிகள், ஒரு பக்கம் தடுக்க வருகிற போலீஸ். நாங்கள் 'போலீஸ் கேம்' என்போம். தனியாக ஓடினால் செத்துப்போவோம். கூட்டாகப் போக வேண்டும். ஒருவன் வாசலைப் பார்க்க வேண்டும், ஒருவன் முதுகுப் பக்கத்தைப் பார்க்க வேண்டும், ஒருவன் குண்டை எடுக்கக் குனிய வேண்டும். இன்னொரு விசேஷமும் உண்டு. செத்துப்போனவன் அந்த ஆட்டம் முடியும்வரை, உயிரோடு இருக்கிற தன் கூட்டாளியின் கண் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

நான் சீக்கிரம் செத்துவிடுவேன். அதனால் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கூட்டில் மூன்று பேர். ஒருவன் என் மாமன் மகன். அயர்ன் டேபிளில் நின்றான், வாய் அதிகம். திரையில் தலையைக் காட்டுவதற்கு முன்பே "வர்றேன்டா, வர்றேன்டா" என்று கத்திக்கொண்டு ஓடுவான். இன்னொருவன் நான். நான் அன்றைக்கும் பேசமாட்டேன், இன்றைக்கும் பேசமாட்டேன். நான் கைமடித்துக் கொடுத்த டெய்லர் அக்கா, "இந்தப் பையன் வாய்க்குக் காஜா எடுத்துப் பட்டன் போட்டு மூடிட்டாங்க" என்பார். மூன்றாவது ஆள் நிட்டிங்காரன். அவனைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

தெற்கே தேனிப் பக்கத்துக்காரன். அவனுடைய அக்கா எங்கள் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தது. அது வரவழைத்துத்தான் அவன் வந்தான். லைன் வீட்டில் அக்காவும் தம்பியும் மட்டும் இருந்தார்கள். எங்கள் கம்பெனியில் மேலே தையல், கீழே நிட்டிங். வட்டமான மெஷின்கள், உச்சியில் நூல் கோன்கள், அடியில் குழாய் மாதிரி துணி இறங்கும். அந்த ஹாலுக்குள் காலை வைத்தாலே நெஞ்செலும்பு அதிரும். அங்கே பேச்சு கிடையாது. நூல் அறுந்தால் சிவப்பு விளக்கு எரியும், துணி இறக்க வேண்டுமென்றால் கையை ஆட்டுவார்கள், டீ வந்தால் கட்டைவிரலை வாய்க்குக் காட்டுவார்கள். அவன் வந்த கொஞ்ச நாளிலேயே நல்ல வேலைக்காரன் என்று பெயர் எடுத்துவிட்டான். மெஷினின் உடம்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தே ஊசி ஒடிந்திருப்பதைச் சொல்லிவிடுவான். நிட்டிங் மாஸ்டருக்கு அவன்மேல் அவ்வளவு பிரியம். "என்ற சொந்தப் பையன் மாதிரிங்க" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

சென்டரில் ஒன்றாம் நம்பர் கம்ப்யூட்டருக்கு மட்டும் பெரிய ஹெட்செட் இருந்தது. மற்றதற்கெல்லாம் சோப்பு டப்பா மாதிரி சின்ன ஸ்பீக்கர்கள், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத சத்தம். நிட்டிங்காரன் படியேறி வந்தால் நேராக ஒன்றாம் நம்பரில்தான் போய் உட்காருவான். இதில் தினமும் சண்டை.

"டேய் இங்கிட்டு, அக்கட்டால நவுந்து உக்கார்றா" என்பான் மாமன் மகன். நிட்டிங்காரன் வாய்க்கு வாய் 'அங்கிட்டு, இங்கிட்டு' என்பதால் அதையே அவனுக்குப் பெயராக வைத்திருந்தான். "ஒண்ணாம் நம்பரு என்ன உங்க அப்பன் ஊட்டுச் சொத்தா?"

"அங்கிட்டு உக்காந்தா நான் செத்துருவேன்டா!"

"இங்க உக்காந்தா மட்டும் சாவமாட்டயாக்கும்?"

ஆனால் உண்மையிலேயே அங்கே உட்கார்ந்தால் அவன் சாகமாட்டான். நான் செத்த பிறகு அவன் கண் வழியாகப் பார்ப்பேன். மாமன் மகன் மாதிரி அவன் ஓடமாட்டான். ஒரு சுவரோரம் நிற்பான். அப்படியே நிற்பான். பிறகு தலையை மட்டும் மெல்லத் திருப்புவான். யாரும் இல்லாத மூலையைப் பார்த்துத் துப்பாக்கியை வைத்துக் காத்திருப்பான். சரியாக அந்த மூலையில்தான் எதிரி வருவான். அந்த விளையாட்டில் ஓடுகிறவனின் காலடி கேட்கும், மரப்பலகையில் ஒரு மாதிரி, தகரத்தில் ஒரு மாதிரி. அவன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். ஒருவன் கேட்பதைக் கண்ணால் பார்க்க முடியும் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது.

அவன் பேசினால் சத்தமாகத்தான் பேசுவான். "மெதுவாப் பேசுங்க கண்ணுகளா, கீழ இருந்து பேக்கரிக்காரரு வந்து நெசமாலுமே சுட்டுப்போடுவாரு" என்று சென்டர் அண்ணன் கெஞ்சுவார். அவருக்கு இன்னொரு குறையும் உண்டு. ஹெட்செட் வயரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. "யார்றா இதை முழுசாத் திருகி வெக்கறது? செட்டு போச்சுன்னா வாங்கித் தருவீங்களா?" என்று தினமும் குறைத்து வைப்பார். மறுநாள் அது முழுசாகத் திருகியிருக்கும்.

ஹெட்செட்டின் ஸ்பாஞ்ச் உரிந்து கறுப்புத் தூளாகக் காதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நான் உறை தைத்தேன். டீசர்ட் கழுத்துக்குப் போடுகிற ரிப் துணி இருக்கிறதே, இழுத்தால் விரிந்து விட்டால் சுருங்குவது, அதில் இரண்டு வட்டம் வெட்டி, ஆளில்லாத ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து அடித்தேன். நான் தனியாகத் தைத்த முதல் உருப்படி அதுதான். ஒரே நிறத்தில் கட்பீஸ் கிடைக்கவில்லை. இடது காதுக்கு இளநீலம், வலது காதுக்கு மஞ்சள். மாட்டிவிட்டபோது நிட்டிங்காரன் முகர்ந்து பார்த்து, "புதுத் துணி வாசம்டா" என்று கத்தினான். நாள் முழுக்க அந்த வாசத்துக்குள்ளேயே கிடக்கிற பையன், என்னமோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி.

உறை சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் அதை வாங்கித் தலையில் மாட்டினேன். யாரோ சுட்டார்கள். காதுக்குள் ஆணி இறங்கிய மாதிரி இருந்தது. பிடுங்கி எறிந்தேன். கொஞ்ச நேரம் ரீங்காரம் நிற்கவே இல்லை. அவன் சாதாரணமாக அதை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அன்றைக்கு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தெற்கத்திக்காரர்களுக்கு உடம்பு கெட்டி என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு நாங்கள் அங்கே போவது தெரிந்துவிட்டது. "துப்பாக்கி சுட்டுப் பழகுனா நாளைக்கு என்னாத்துக்கு ஆகும்? அதையே உத்து உத்துப் பாத்துக் கண்ணும் போயிரும். மறுக்கா அங்க ஏறுனேன்னு தெரிஞ்சுது, சேவூர்ல உங்க அப்புச்சிகிட்ட மாடு மேய்க்கத் தாட்டியுட்ருவேன், ஆமா" என்றாள். அந்தக் காலத்தில் எல்லாப் பெரியவர்களும் எங்கள் கண்ணைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள்.

ஒருநாள் நாங்கள் போகும்போது பாலிடெக்னிக் பையன்கள் முன்னாலேயே வந்து ஒன்றாம் நம்பரைப் பிடித்திருந்தார்கள். எங்களோடு எதிர்த்து ஆட வந்தவர்கள். நிட்டிங்காரன் வேறு வழியில்லாமல் எனக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். அன்றைக்கு அவன் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. சுவரோரம் நிற்கிறான், வழக்கம்போலத் தலையைத் திருப்புகிறான், அவன் பார்க்கிற பக்கம் யாரும் இல்லை. பின்னால் இருந்து ஓடி வந்து கத்தியால் குத்துகிறார்கள். மறுபடியும் குத்துகிறார்கள். அந்த விளையாட்டில் கத்தியால் சாவதைப் போல அவமானம் வேறு இல்லை.

"ஏன் தம்பி, கால்ல சலங்கை கட்டிட்டு வந்தாத்தான் திரும்பிப் பார்ப்பியா?" என்று ஒரு பாலிடெக்னிக் பையன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நிட்டிங்காரன் எங்கள் முகங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அவனும் சிரித்தான்.

அவன் அப்படிச் சுற்றிப் பார்த்ததில்தான் எனக்குப் பிடிபட்டது.

படியிறங்கும்போது நான் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தி, என் காதைத் தொட்டுக் காட்டினேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. மாமன் மகன் முன்னால் போகும்வரை நின்றான். பிறகு சொன்னான். அவனுக்கு மெதுவாகப் பேச வராது. அன்றைக்குக் கஷ்டப்பட்டு மெதுவாகப் பேசினான்.

"நீ யார்கிட்டயும் பேசமாட்டேல்ல? அதனால உங்கிட்டச் சொல்றேன். சின்னதுலேருந்து காதுல சீழ் வடியும். இப்ப ரெண்டும் அடைச்ச மாதிரிதான் இருக்கு. வாத்தியார் கூப்பிடுறது கேக்காமத்தான் ஏழாவதோட நின்னேன். அக்கா, காது வடியிறது நின்னுருச்சு, எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டிருக்கு. கம்பெனிக்குத் தெரிஞ்சா அனுப்பிருவாங்கடா. அக்கா இங்க ஒத்தையில கெடக்கும்."

நான் தலையாட்டினேன்.

"அந்த ஹெட்செட்டுல மட்டும் கேக்குதுடா. ஒருத்தன் நடந்து வர்ற சத்தம் கேக்குது. எங்கம்மா நடந்து வர்றது கேட்டு எம்புட்டு வருசமாச்சு தெரியுமா?"

விளையாட்டில் தன்னைக் கொல்ல வருகிறவனின் காலடியைப் பற்றித்தான் அவன் அப்படிச் சொன்னான்.

அதற்குப் பிறகு நான் எப்போதும் அவனுக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்தேன். ஹெட்செட் கிடைக்காத நாட்களில் என் ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு, முழங்காலால் அவன் முழங்காலை இடிப்பேன். ஒரு இடி என்றால் பின்னால் ஆள். இரண்டு என்றால் குண்டு வைத்துவிட்டார்கள், ஓடு. அழுத்திப் பிடித்தால் நகராதே. நாங்கள் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டது இல்லை, ஆடிக்கொண்டே உண்டானது. மாமன் மகன், "இவனுக ரெண்டு பேருக்கும் கண்ணுக்குத் தெரியாத வயர் போகுதுடா" என்பான். பேசுகிறவர்களுக்கு நடுவில் நான் எப்போதும் ஒரு சுமை மாதிரித்தான் உட்கார்ந்திருப்பேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது நான் பேசாதது யாருக்கும் குறையாக இல்லை. அப்படி ஒரு ஆள் பக்கத்தில் நான் பிறகு உட்காரவே இல்லை. கல்யாணம் ஆகி, பிள்ளையும் பெற்ற பிறகு இதைச் சொல்வது என் வீட்டுக்காரிக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாள். ஆனால் உண்மை அதுதான்.

மார்கழி பிறக்கும்போது நிட்டிங் மெஷின்களும் சுத்தமாக நின்றுவிட்டன. சும்மா நிற்கிற நேரத்தில் மெஷினைத் துடைத்து எண்ணெய் போடச் சொன்னார்கள். நான் சென்டருக்கு வேஸ்ட் துணி எடுக்கக் கீழே போயிருந்தேன். அந்த ஹாலை நான் சத்தமில்லாமல் பார்த்தது அதுதான் முதல் தடவை. எங்கோ ஒரு குழாய் சொட்டுவது கேட்டது. நிட்டிங்காரன் எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து ஊசிகளுக்கு நடுவே இருந்த பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தான்.

மாஸ்டர், "கண்ணு, அந்த ஆயில் கேனைக் கொண்டா" என்றார்.

அவன் பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தான்.

"ஏன் சாமி, உன்னையத்தான்."

நான்கைந்து பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் திரும்பவில்லை. எங்கள் பக்கம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கூப்பிட்டால் "ஏனுங்க" என்று திரும்ப வேண்டும். முதலாளியும் கூலிக்காரனை 'வாங்க, போங்க' என்று சொல்கிற ஊரில், பெரியவர் கூப்பிட்டுச் சின்னப் பையன் திரும்பாமல் இருப்பது அடித்ததற்குச் சமம். யாரோ பின்னால் சிரித்தார்கள். மாஸ்டரின் காது மடல் சிவந்தது.

மெஷின் ஓடும்வரை அந்த ஹாலில் காது கேட்கிறவனுக்கும் கேட்காதவனுக்கும் வித்தியாசமே கிடையாது. எல்லாருக்கும் ஜாடைதான். மெஷின் நின்ற பிறகுதான் அவன் தனியாகத் தெரிந்தான். அதையும் அவர்கள் திமிர் என்று பார்த்தார்கள்.

மாஸ்டர் போய் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினார். "நாளையில இருந்து நீ வர வேண்டாம். ஆர்டர் வந்தாலும் வர வேண்டாம்" என்றார். அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்த நிட்டிங்காரன், "சரிங்க மாஸ்டர்" என்றான். சத்தமாக. அது இன்னும் திமிராகத் தெரிந்தது.

அக்கா செக்கிங் டேபிளில் இருந்து ஓடி வந்து கெஞ்சியது. "அவன் அப்பிடிப்பட்ட பய இல்லண்ணே. வெளையாட்டுப் புத்திண்ணே."

"ஏனுங்க அம்மிணி, காது கேக்காத பையன்னா நானென்ன கோவிச்சுக்கவா போறேன்? கேட்டுட்டே நிக்கறான் பாருங்க, அதத்தான் பொறுக்க முடியலீங்க."

நான் கையில் வேஸ்ட் துணி மூட்டையோடு நின்றேன். நிட்டிங்காரன் என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினான். சொல்லாதே என்று.

மறுநாள் மத்தியானம் மூவரும் சென்டரில் இருந்தோம். மாமன் மகன்கூட அன்றைக்குச் சண்டை போடாமல் ஒன்றாம் நம்பரை விட்டுக்கொடுத்தான். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மாஸ்டர் கீழே பேக்கரியில் டீ குடிக்க வந்திருக்கிறார். யாரோ, உங்கள் பையன் மேலே இருக்கிறான் என்று சொல்லியிருக்கிறார்கள். படியில் அவர் செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது.

வந்து நிட்டிங்காரன் பின்னால் நின்றார். "வேலை போச்சேன்னு மொடங்கிக் கெடப்பான்னு பாத்தா, இங்க வந்து சுட்டுட்டிருக்கான். ஏன்டா கண்ணு, அக்கா அழுதுட்டிருக்குது, உனக்கு வெளையாட்டா?"

நிட்டிங்காரன் திரையில் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"பாத்தீங்களா, இங்கயும் திரும்பறானா?" என்றார் மாஸ்டர், சென்டர் அண்ணனைப் பார்த்து.

"ஹெட்செட் போட்டிருக்கானுங்க மாஸ்டர்" என்றான் மாமன் மகன்.

சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். வாய்க்கு முந்தி என் முழங்கால் நிட்டிங்காரனை ஒரு இடி இடித்தது. பின்னால் ஆள் என்று. பாவம், அவன் விளையாட்டுக்குள் பின்னால் திரும்பிப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. நான் எழுந்தேன். அவன் தலையில் இருந்த ஹெட்செட்டைக் கழற்றி, எட்டி, மாஸ்டரின் தலையில் மாட்டினேன். யோசித்துச் செய்ததில்லை. கம்பெனியில் அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியிராத பையன் நான்.

அந்த நேரம் பார்த்து எதிரில் இருந்தவன் சுட்டான்.

"ஐயோ!" என்று அலறிக்கொண்டு மாஸ்டர் ஹெட்செட்டைப் பிடுங்கினார். பின்னால் இருந்த பிளாஸ்டிக் நாற்காலி உருண்டது. "காதைக் கிழிச்சுப்போட்டானே! என்னடா எழவு இது, யாரு இத்தனை சத்தத்துல..."

கையில் இருந்த ஹெட்செட்டைப் பார்த்தார். அதைச் சாதாரணமாக மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பையனைப் பார்த்தார். அவர் முகம் மாறுவதை நான் கிட்டத்தில் நின்று பார்த்தேன். அவன் தலையைத் திரையின் பக்கம் மெல்லத் திருப்பிவிட்டு, பின்னால் நின்று, மிக மெதுவாக, "கண்ணு" என்றார். அவன் திரும்பவில்லை. மறுபடியும், "சாமி" என்றார். பிறகு உருண்டு கிடந்த நாற்காலியை நிமிர்த்தி அதில் உட்கார்ந்துவிட்டார். கீழே பேக்கரியில் அவர் டீ ஆறிப்போயிருக்கும்.

அதற்கப்புறம் எல்லாரும் நல்லவர்களாகத்தான் நடந்துகொண்டார்கள். அதைத்தான் நான் இத்தனை வருடமாக நினைத்துப் பார்க்கிறேன். மாஸ்டர் தன் மொபெட்டில் உட்கார வைத்து அவனைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனார். காது ஜவ்வில் ஓட்டை என்றும், சத்தத்தில் நின்றால் இருப்பதும் போய்விடும் என்றும் டாக்டர் சொன்னாராம். மாஸ்டர் வந்து அக்காவிடம், "நிட்டிங்ல நிறுத்தி நானே பையனைக் கெடுத்துப்போட்டனுங்க அம்மிணி. ஊருக்கே கூட்டிட்டுப் போயிருங்க. சத்தமில்லாத எடத்துல நல்லா இருக்கட்டும்" என்று கண் கலங்கச் சொன்னார். அக்கா அவர் காலில் விழப் போனது. என் அம்மாகூட முறுக்கு சுட்டுக் கொடுத்தாள். நிட்டிங்காரனைக் கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது. அவனுக்குக் கேட்கிற மாதிரி யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

பொங்கல் லீவு விட்ட அன்றைக்குச் சாயங்காலம் அவர்களுக்குப் பஸ். மத்தியானம் கடைசியாக ஆடினோம். அவன் ஒன்றாம் நம்பரில் உட்காரவில்லை. என்னை அங்கே உட்கார்த்தி, ஹெட்செட்டை என் தலையில் மாட்டி, மஞ்சள் உறையை இழுத்துச் சரி செய்தான். பிறகு வயரில் இருந்த சக்கரத்தைத் திருகிக் குறைத்தான், எனக்காக. "நீ கேட்டுச் சொல்லு" என்றான். நான் கேட்டேன். மரப்பலகையில் ஓடுகிற கால், தகரத்தில் ஓடுகிற கால். அன்றைக்கு முழுக்க என் முழங்கால் அவன் முழங்காலை விட்டு விலகவில்லை.

கீழே ரோட்டில் இருந்து அக்கா கூப்பிட்டது. நான் அவனை ஒரு இடி இடித்தேன். வழக்கம்போல விளையாட்டுக்குள் திரும்பிப் பின்னால் பார்த்தான். நான் ஜன்னலைக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். எழுவதற்கு முன்னால் தன் ஆளை என் ஆளுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினான். அந்த விளையாட்டில் கையாட்ட முடியாது, கும்பிட முடியாது. குனியலாம், நிமிரலாம். அவன் ஆள் குனிந்து நிமிர்ந்தான். மறுபடி குனிந்து நிமிர்ந்தான். நானும் குனிந்து நிமிர்ந்தேன். பிறகு அந்த இடத்தில் ஆள் இல்லை. திரையின் ஓரத்தில் இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. அந்த மாதிரி வரிகளை எப்போதும் அவன்தான் எனக்கு எழுத்துக்கூட்டிப் படித்துச் சொல்வான். அதைப் படிக்க எனக்கு ஆள் தேவைப்படவில்லை.

பொங்கலுக்குப் பிறகு அக்கா மட்டும் வந்தது. "தோட்டத்துக் காவலுக்கு விட்டிருக்கோம். காக்கா குருவியைத் தவிர ஒரு சத்தம் கெடையாது" என்று சந்தோஷமாகச் சொன்னது. மாஸ்டர், "நல்லதாப் போச்சுங்க" என்றார். அக்காவும் அடுத்த வருடம் கல்யாணமாகிப் போய்விட்டது. ஆர்டர் வந்தது. மத்தியானங்கள் போயின. சென்டர் பிறகு ரீசார்ஜ் கடையாகி, இப்போது பிரியாணிக் கடையாக இருக்கிறது. ஹெட்செட் எங்கே போனது என்று சென்டர் அண்ணனுக்கே தெரியவில்லை. பெருமாநல்லூரில் ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது கேட்டேன். "எந்த ஹெட்செட்டுங்க தம்பி?" என்றார்.

போன மாதம் என் காதைப் பரிசோதித்தார்கள். நான் டிவியைச் சத்தமாக வைக்கிறேன் என்று வீட்டில் சண்டை. அத்தனை வருட ஓவர்லாக் சும்மா விடுமா? ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, தலையில் பெரிய ஹெட்செட்டை மாட்டி, "சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்கண்ணா" என்றார் ஒரு தம்பி. டிக், டிக் என்று எங்கோ தூரத்தில் கேட்டது. எனக்கு விரல் ஞாபகம் வரவில்லை. என் முழங்கால் வலது பக்கம் போய் வெறும் நாற்காலியை இடித்தது.

வெளியே வந்து அந்தத் தம்பியிடம், என் வாழ்க்கையில் நான் கேட்காத கேள்வியைக் கேட்டேன். சின்ன வயதில் சீழ் வடிந்து ஜவ்வில் ஓட்டை விழுந்த ஒரு பையன், ஹெட்செட்டில் முழுச் சத்தம் வைத்தால் மட்டும் கேட்கும் என்றால் அது என்ன?

"உள்ள நரம்பு நல்லாருக்குன்னு அர்த்தம்ணா. ஜவ்வை அடைக்கலாம். இல்ல, ஒரு சின்ன மெஷின் வெச்சாப் போதும். எல்லாமே கேக்குமே. யாருக்குண்ணா?"

அவ்வளவுதான். சத்தம் அவனைக் கெடுத்துவிடும் என்று எல்லாரும் சேர்ந்து சத்தமில்லாத இடத்துக்கு அனுப்பினார்கள். அவன் ஆசைப்பட்டது சத்தத்துக்குத்தான். ஒரு ஹெட்செட் அதைக் காட்டிக்கொடுத்தும் அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. காக்கா குருவிகூட அவனுக்குக் கேட்டிருக்காதே என்றுதான் திரும்பத் திரும்பத் தோன்றுகிறது.

இப்போது தீபாவளி லீவு. தெற்கத்திக்காரர்களும் வடக்கத்திக்காரர்களும் ஊருக்குப் போய்விட்டார்கள். தெரு முழுக்க மெஷின் நின்றிருக்கிறது, அந்த மார்கழி மாதிரி. நான் எழுதுவதைப் பார்த்த என் மகள், "ஏனுங்கப்பா இத்தனை கஷ்டம்? பேசுங்க, போன்ல பதிவு பண்ணி எல்லாருக்கும் அனுப்பிடலாம்" என்றாள். வேண்டாம் என்றேன். இதைத் தேனிப் பக்கம் யாராவது படிக்கலாம். படித்தவர்கள் இன்னொருவரிடம் கொடுக்கலாம். அவன் ஏழாவது வரை படித்தவன், என்னைவிட நன்றாக எழுத்துக்கூட்டுவான்.

பேசினால் அவனுக்குக் கேட்காது. அதனால் எழுதினேன்.

22.10.2025, புதன்கிழமை.